டேனிஷ் பாணி மரச்சட்ட நாற்காலிக்குப் புது இருக்கை: சட்டகத்திலிருந்து உறை வரை

இந்த வேலையைத் துணிக்கடையில் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பிடித்த நிறத்தில் துணி வாங்கி, அதற்கேற்ற ஃபோமைத் தேடி, கடைசியில் அதைச் சட்டகத்துக்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். உட்கார்ந்தால் கைப்பிடி இடுப்போடு நிற்கிறது, கால் தரையில் படியவில்லை, முதுகு முன்னால் தள்ளப்படுகிறது. தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த நாற்காலியில் யாரும் கால் மணி நேரத்துக்கு மேல் உட்காரமாட்டார்கள்.

டேனிஷ் பாணி இருக்கைகளில் மரமே எலும்பு. உட்காரும் உயரம், சாய்வு, கைப்பிடியின் இடம் ஆகிய மூன்றும் சட்டகத்தில் முன்பே முடிவாகிவிட்டவை. மெத்தை அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். அதனால் மரம், பட்டை (மெத்தையைக் கீழிருந்து தாங்கும் ரப்பர் வார்), ஃபோம், துணி என்ற வரிசையில், உள்ளிருந்து வெளியே வேலை செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றினால் எங்கே அடிபடும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. உங்கள் நாற்காலி எந்த வகை என்று பாருங்கள்

இந்த வழிகாட்டி ஒரே ஒரு வகைக்கானது: மரச்சட்டகம் வெளியே தெரிய, இருக்கைக்கு ஒன்றும் முதுகுக்கு ஒன்றுமாகத் தனித்தனி மெத்தைகள் வைத்த நாற்காலியும் சோஃபாவும். டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1953இல் கெட்டாமா நிறுவனத்துக்காக வடிவமைத்த ஜிஇ 290 இந்த வகைக்கு நல்ல உதாரணம். இன்று இந்தப் பாணியில் வரும் பெரும்பாலான வரவேற்பறை இருக்கைகளும் இதே அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன.

வெக்னரின் 1951ஆம் ஆண்டு 'பாப்பா பேர்' போல மரம் முழுவதும் துணிக்குள் மறைந்த நாற்காலிகளுக்கு வேறு முறை தேவை. அவற்றில் திணிப்பும் துணியும் சட்டகத்தோடு சேர்த்தே கட்டப்படும். பேர்ரே மொகன்சனின் 1958ஆம் ஆண்டு 'ஸ்பானிஷ் நாற்காலி'யில் இருக்கையே தடித்த தோல்தான். காகிதக் கயிற்றால் பின்னிய இருக்கைகளுக்கும் இங்கே இடமில்லை.

நாற்காலியைக் கவிழ்த்து, கட்டைகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சுட்டுப் பதித்த முத்திரையோ, சிறிய உலோகத் தகடோ, 'டேனிஷ் ஃபர்னிச்சர் மேக்கர்ஸ் கன்ட்ரோல்' என்ற வட்டக் குறியோ இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அது பழைய அசல் பொருளாக இருக்கலாம். அந்த இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது. பழைய உறையையும் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

மர வேலைக்கு: நான்கு நீளமான கிளாம்ப், மரப்பசை, ரப்பர் சுத்தியல், சிறிய உளி, 180 மற்றும் 240 எண் உப்புத்தாள். பட்டைக்கு: 5 செ.மீ. அகல ரப்பர் வெப்பிங், அதன் உலோகக் கிளிப்புகள், மேசையில் பொருத்திய வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புத் தாடை). தையலுக்கு: கனமான துணியைத் தைக்கும் இயந்திரம், 100 அல்லது 110 எண் ஊசி, பாலியெஸ்டர் அப்ஹோல்ஸ்டரி நூல், பைப்பிங் (மெத்தை விளிம்பில் வரும், கயிறு பொதிந்த துணிக்கரை) தைக்க இயந்திரத்தில் மாட்டும் கால், ஜிப். இவற்றோடு பெரிய அட்டைத்தாள், பென்சில், ஸ்டீல் ஸ்கேல்.

இயந்திரத்தை மட்டும் முன்பே சோதித்துவிடுங்கள். தைக்கப் போகும் துணியைப் போன்ற கனமான துணியில் நான்கு மடிப்பும், நடுவில் ஒரு பைப்பிங் கயிறும் வைத்து ஓட்டிப் பாருங்கள். மூலைகளில் அந்தக் கனம் கண்டிப்பாக வரும். அங்கே ஊசி திணறினால் தையலை மட்டும் வெளியே கொடுத்துவிடலாம், மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம்.

3. பிரிக்கும் முன் அளந்து படம் எடுங்கள்

பழைய மெத்தை எவ்வளவு நைந்திருந்தாலும் அது இருக்கும்போதே ஐந்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: தரையிலிருந்து முன்கட்டையின் மேல்விளிம்பு, பின்கட்டையின் மேல்விளிம்பு, கைப்பிடியின் மேற்பரப்பு, முன்கட்டையின் முன்விளிம்பிலிருந்து முதுகுச் சட்டம் வரையிலான ஆழம், பழைய மெத்தையின் ஓரத் தடிமன்.

தடிமனை நடுவில் அளக்காதீர்கள். நடுப்பகுதி வருடக்கணக்கில் அமுங்கியிருக்கும். பக்கவாட்டில் தையலுக்கும் தையலுக்கும் இடையே உள்ள தூரம்தான் முதலில் இருந்த தடிமனைக் காட்டும்.

பட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எத்தனை இருக்கின்றன, எப்படி மாட்டப்பட்டிருக்கின்றன என்பதைக் கீழிருந்து படம் எடுத்துவிட்டு, அதன் பிறகு கழற்றுங்கள். கழற்றியபின் கட்டையில் மிஞ்சும் ஓட்டைகளை வைத்து எல்லாவற்றையும் ஊகித்துவிட முடியாது.

4. சட்டகத்தை ஆட்டிப் பாருங்கள், ஒட்டுங்கள்

ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் எதிர்ப்பக்கக் காலையும் பிடித்து முறுக்குங்கள். மெல்லிய முனகல் கேட்டாலோ, இணைப்பில் தலைமுடி அளவுக்குக் கோடு திறந்து மூடினாலோ அந்த இணைப்பு விட்டுவிட்டது என்று பொருள். இதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள். இழுத்துக் கட்டிய ரப்பர் பட்டைகள் முன்கட்டையையும் பின்கட்டையையும் ஒன்றை நோக்கி ஒன்றை விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். தளர்ந்த இணைப்பு சில மாதங்களில் பிளந்துவிடும்.

விட்ட இணைப்பை முழுவதும் பிரித்தெடுங்கள். வெளியிலிருந்து இடுக்கில் பசையைச் சொட்டுவது பலரும் செய்யும் தவறு. பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. மரத்தோடு மரம் சேரும் இடத்தில்தான் மரப்பசை வேலை செய்யும். கழுந்திலும் (துளைக்குள் நுழையும் மர முனை) துளையிலும் உள்ள பழைய பசையை வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றிப் பாருங்கள். இளகிப் பிசுபிசுத்தால் அது விலங்குப் பசை, வெந்நீரிலேயே போய்விடும். இளகாவிட்டால் உளியின் விளிம்பால் மெல்லச் சுரண்டுங்கள். கழுந்தின் மரத்தைச் செதுக்கிவிடக் கூடாது, இணைப்பின் பிடிப்பு அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது.

தேக்கு என்றால் இன்னொரு படி உண்டு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. ஒட்டும் இடத்தை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, அது ஆவியானதும் தாமதிக்காமல் பசை பூசுங்கள். ஒரு நாள் விட்டுவிட்டால் எண்ணெய் மறுபடி மேற்பரப்புக்கு வந்துவிடும்.

கிளாம்ப் போடும்போது நாற்காலி சமதளத்தில், நான்கு காலும் தரையில் பட நிற்க வேண்டும். பசை காயும் முன் இருக்கைச் சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சட்டகம் நேராக இருக்கிறது. ஒன்று நீளமாக இருந்தால், அந்த மூலைவிட்டத்தின் திசையில் ஒரு கிளாம்பை வைத்து மெல்ல இறுக்கிச் சமமாக்குங்கள். காய்ந்தபின் ஆடும் காலைச் சரிசெய்ய ஒரே வழி, காலை அறுப்பதுதான். அதை யாரும் விரும்பமாட்டார்கள். ஒரு முழு நாள் தொடாமல் விடுங்கள்.

5. மரத்தின் மேற்பூச்சு

முதலில் ஒயிட் ஸ்பிரிட் (பெயின்ட் கரைப்பான்) நனைத்த துணியால் அழுக்கையும் பழைய மெழுகையும் துடையுங்கள். பாதிப் பேருக்கு இதற்குப் பிறகு உப்புத்தாளே தேவைப்படாது. மரம் மங்கிவிட்டது என்று நினைத்தது வெறும் கைப்பிசுக்காக இருக்கும்.

தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் 180இல் தொடங்கி 240இல் முடியுங்கள், மரத்தின் ரேகை ஓடும் திசையில் மட்டும். மின்சாரத் தேய்ப்பானைக் கைப்பிடிகளுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். இந்த நாற்காலிகளின் அழகு, கைப்பிடி அகன்று வந்து முன்முனையில் மெலியும் அந்த ஒரு விளிம்புக் கோட்டில் இருக்கிறது. இயந்திரம் அதைச் சில நொடிகளில் மழுக்கிவிடும். பிறகு எந்தக் கைவேலையாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

தேக்குக்கும் வால்நட்டுக்கும் எண்ணெய் பொருந்தும். மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மேலே மிஞ்சியதை முழுவதும் துடைத்தெடுங்கள். துடைக்காத எண்ணெய் ஒட்டும் படலமாக நின்றுவிடும். மறுநாள் இன்னொரு பூச்சு. வெளிர் நிற ஓக், பீச் மரங்களுக்கு டென்மார்க்கில் வழக்கமான சோப்புப் பூச்சு இருக்கிறது: சலவைக்குப் பயன்படும் தூய சோப்புச் செதில் இரண்டு மேசைக்கரண்டியை ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஆறியதும் பூசித் துடைப்பது. மரத்தின் வெளிர் நிறத்தை அது மஞ்சளாக்காமல் வைத்திருக்கும். ஆனால் கறை தாங்கும் வலிமை குறைவு, அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் போன்றவை காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்து மூடியுள்ள தகரப் பெட்டியில் போடுங்கள்.

அடுத்த வேலைக்கு முன் ஒரு வாரம் காத்திருங்கள். இந்த ஒரு வாரத்தைத்தான் எல்லோரும் தாண்டிப் போக நினைக்கிறார்கள். காயாத எண்ணெய் ரப்பரை அரிக்கும், துணியில் கறையாக ஏறும். மரத்தை முடித்தபின் பட்டை என்று வரிசை வைத்ததற்கு இதுதான் காரணம்.

6. பட்டைகளை மாட்டுதல்

இந்தச் சட்டகங்களில் ஸ்பிரிங் கிடையாது. உட்காரும்போது கிடைக்கும் மென்மையில் பாதி ரப்பர் பட்டையிலிருந்து வருகிறது. எனவே சணல் பட்டையையோ நைலான் பட்டையையோ மாற்றாகப் போடாதீர்கள். அவை நீளாது, பலகையில் உட்கார்ந்தது போல் இருக்கும். பிறகு அதைச் சமாளிக்க ஃபோமைத் தடிமனாக்குவீர்கள், உயரக் கணக்கு முழுவதும் கெட்டுப்போகும்.

பழைய பட்டை இன்னும் உழைக்குமா என்று அறிய, அதை இரண்டாக மடித்து மடிப்பைப் பாருங்கள். வெடிப்புகள் தெரிந்தாலோ விரலில் தூள் ஒட்டினாலோ மாற்ற வேண்டியதுதான். ஒன்று போனால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். புதியதும் பழையதும் கலந்தால் பாரம் புதியதன் மேலேயே விழும்.

இப்போது நீளம். இருக்கைப் பட்டையை ஏறத்தாழ 10 சதவீதம் இழுத்து மாட்ட வேண்டும். ஒரு பக்கக் கிளிப் உட்காரும் இடத்திலிருந்து மறுபக்கக் கிளிப் உட்காரும் இடம் வரை அளந்து, அதை 1.1ஆல் வகுங்கள். 55 செ.மீ. என்றால் வெட்ட வேண்டியது 50 செ.மீ. முதுகுக்கு 5 சதவீத இழுப்பு போதும், அங்கே பாரம் குறைவு. முதலில் ஒரே ஒரு பட்டையை வெட்டி மாட்டிப் பாருங்கள், சரியாக இருந்தால் மற்றவற்றை வெட்டலாம். கண் மதிப்பில் இழுத்து ஆணி அடித்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இறுக்கத்தில் நிற்கும், அந்த ஏற்றத்தாழ்வு மெத்தைக்கு மேலேயும் தெரியும்.

கிளிப்பைப் பொருத்தும் விதம் இது. பட்டையின் முனையை மூலைமட்டம் வைத்து நேராக வெட்டுங்கள். கிளிப்பின் அடிவரை தள்ளுங்கள். வைஸின் இரு தாடைகளுக்கு நடுவே வைத்து, பற்கள் ரப்பருக்குள் இறங்கும்வரை ஒரே சீராக இறுக்குங்கள். சுத்தியலால் தட்டினால் ஒரு முனை மட்டும் கவ்வும், மறுமுனை சில வாரங்களில் நழுவும். இறுக்கியபின் கையால் பலமாக இழுத்துச் சோதியுங்கள். பட்டை அசையாமல் இருந்தால்தான் அது முடிந்தது. மாட்டும்போது கையுறை அணியுங்கள். கையை விட்டு விடுபடும் கிளிப் முகத்தை நோக்கித்தான் வரும்.

கட்டையில் கிளிப்புக்கான பள்ளம் இல்லாமல் நேரடியாக அடிக்கும் வகை என்றால், ரப்பரை மடிக்காமல் ஒற்றையாகவே வைத்து ஐந்து ஆணிகளை முன்னும் பின்னுமாக அடியுங்கள். எல்லாம் ஒரே கோட்டில் விழுந்தால் மரம் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். கட்டையின் உள்விளிம்பு கூர்மையாக இருந்தால் அதை உப்புத்தாளால் சற்று உருட்டிவிடுங்கள், இல்லையேல் பட்டை அங்கேதான் அறுபடும்.

பட்டைகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரு பட்டையின் அகலத்தைத் தாண்டக் கூடாது. பக்கவாட்டில் ஓடும் பட்டைகள் என்றால் பின்பாதியில் சற்று நெருக்கமாக வையுங்கள், உடலின் பாரம் அங்கேதான் இறங்குகிறது. முடிந்ததும் மேலே ஒரு பலகை வைத்து உட்கார்ந்து பாருங்கள். வேறொருவர் கீழே எட்டிப் பார்த்து, பட்டை எந்தக் குறுக்குக்கட்டையையும் தொடவில்லை என்று உறுதிசெய்யட்டும்.

7. தடிமனைக் காகிதத்தில் முடிவு செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஓர் உதாரணம். முன்கட்டையின் மேல்விளிம்பு தரையிலிருந்து 32 செ.மீ., கைப்பிடி 56 செ.மீ. 10 செ.மீ. மெத்தை வைத்தால் முன்விளிம்பு 42 செ.மீ.யில் நிற்கும். ஆள் உட்கார்ந்ததும் ஃபோமும் பட்டையும் சேர்ந்து இறங்கி, உட்காரும் இடம் ஏறத்தாழ 36 செ.மீ.க்கு வரும். அங்கிருந்து கைப்பிடி 20 செ.மீ. உயரத்தில் இருக்கும், முழங்கை தோளை உயர்த்தாமல் அதன் மேல் படியும். இதே சட்டகத்தில் 'வசதியாக இருக்கட்டும்' என்று 15 செ.மீ. வைத்தால் கைப்பிடிக்கு 15 செ.மீ.தான் மிஞ்சும். முழங்கை வைக்க ஒருபக்கமாகச் சாய வேண்டியிருக்கும். முன்விளிம்பும் 47 செ.மீ.க்கு ஏறிவிடும், குட்டையானவர்களின் குதிகால் தரையைவிட்டு எழும், தொடையின் அடிப்பகுதி அழுந்தும்.

முதுகு மெத்தைக்கும் இதே கண்டிப்பு உண்டு, ஆனால் அது தின்பது ஆழத்தை. முன்விளிம்பிலிருந்து முதுகுச் சட்டம் வரை 62 செ.மீ. என்றால், 12 செ.மீ. முதுகு மெத்தை வைத்தபின் மிஞ்சுவது 50. இன்னும் 4 செ.மீ. கூட்டினால் உட்காரும் ஆழம் 46 ஆகிவிடும், சாய்ந்து அமரும் நாற்காலி சாப்பாட்டு நாற்காலி போல் ஆகும். முதுகு மெத்தை இருக்கை மெத்தையின் மேல் நிற்கிறதா, அதன் பின்னால் இறங்குகிறதா என்பதையும் பாருங்கள். மேல் நின்றால் இருக்கையின் தடிமன் கூடும்போது முதுகு மெத்தையும் உயரும், தலைப்பக்கம் சட்டகத்தைத் தாண்டித் துருத்தும்.

சோதிக்க எளிய வழி: பழைய போர்வைகளைத் திட்டமிட்ட தடிமனுக்கு மடித்துக் கட்டி, பட்டைகளின் மேல் வைத்து, அந்த நாற்காலியில் அதிகம் உட்காரப்போகிறவரை உட்கார வையுங்கள். பாதம் முழுவதும் தரையில் பட வேண்டும். முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இந்த இரண்டும் அமைந்த தடிமனைக் குறித்துக்கொண்டு, அதன் பிறகே ஃபோம் வாங்கப் போங்கள்.

8. ஃபோம்

அடர்த்தியும் கடினமும் ஒன்றல்ல. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, அது எத்தனை காலம் உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது. கடினம் என்பது அதை அழுத்தத் தேவைப்படும் விசை, உட்காரும்போது உணர்வது அதைத்தான். அடர்த்தி குறைந்து, கடினம் மிகுந்த ஃபோமும் உண்டு. தொட்டுப் பார்க்கும்போது உறுதியாகத் தோன்றும், ஆனால் விரைவில் குழி விழும். 'நல்ல கெட்டியான ஃபோம் கொடுங்கள்' என்று கேட்டால் கையில் வருவது அதுவாக இருக்கலாம்.

இருக்கைக்கு நான் 35 கிலோவுக்குக் குறைந்த அடர்த்தியை எடுப்பதில்லை, மீள்தன்மை அதிகமுள்ள எச்ஆர் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. முதுகுக்கு 25 கிலோ அளவில் மென்மையானது போதும். இருக்கையில் 8 செ.மீ. நடுத்தரக் கடினமும் மேலே 2 செ.மீ. மென்மையும் சேர்த்து ஒட்டினால், ஒரே கட்டி ஃபோமைவிட உட்கார இதமாக இருக்கும். அடிப்பக்கமும் மேல்பக்கமும் மாற்றிப் போட்டுப் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் ஒரே தரத்தில் வாங்குங்கள்.

ஃபோமைச் சுற்றி மெல்லிய பாலியெஸ்டர் பஞ்சு விரிப்பை ஒட்டுங்கள். ஃபோமின் கூரிய முனைகளை அது மென்மையாக்கும், துணி ஃபோமின் மேல் உராய்ந்து சுருங்குவதையும் தடுக்கும். ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். டேனிஷ் பாணி மெத்தைக்குத் தட்டையான முகமும் தெளிவான விளிம்பும்தான் லட்சணம். பஞ்சைக் கூட்டினால் அது தலையணையாகிவிடும்.

9. இப்போது துணி

துணியின் உழைப்பை மார்ட்டின்டேல் என்ற உராய்வுச் சோதனை எண்ணால் குறிப்பார்கள். தினமும் உட்காரும் வீட்டு இருக்கைக்கு 25,000க்கு மேல் பாருங்கள். நானா டிட்செல் 1965இல் வடிவமைத்த, க்வாட்ராட் நிறுவனம் தயாரிக்கும் ஹாலிங்டால் என்ற துணி 70 சதவீதம் கம்பளியும் 30 சதவீதம் விஸ்கோஸும் கொண்டது. அதன் எண் 1,00,000. அந்தத் துணியே கிடைக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கையில் எடுத்துப் பார்க்கும்போது அதில் உள்ள பண்பைத் தேடுங்கள்: நெசவின் முடிச்சுகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், விரலால் இழுத்தால் சற்று நீண்டு திரும்ப வேண்டும், பின்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கக் கூடாது. பூச்சுள்ள துணியில் காற்று வெளியேறாது, உட்காரும்போது மெத்தை உப்பி மெல்ல இறங்கும்.

அளவுக் கணக்கு, 140 செ.மீ. அகலத் துணிக்கு: இருக்கை மெத்தை 56 அகலம், 54 ஆழம், 10 தடிமன் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பக்கமும் தையலுக்கு 1.5 செ.மீ. விட்டால் மேல், கீழ்த் துண்டுகள் 59க்கு 57. இரண்டும் அகலவாக்கில் அருகருகே அடங்கும், எனவே 57 செ.மீ. நீளம் போதும். 50 செ.மீ. உயர முதுகு மெத்தைக்கு இதேபோல் 53. பக்கத்துணிகளும் ஜிப் துண்டுகளும் சேர்ந்து 84. பைப்பிங்குக்கு 40. கூட்டினால் 234, அதாவது 2.5 மீட்டர் வாங்க வேண்டும். கோடோ கட்டமோ உள்ள துணி என்றால் பொருத்துவதற்காக இன்னும் கூடும். முதல் முறை செய்கிறவர்கள் ஒற்றை நிறத் துணியை எடுங்கள்.

பருத்தி என்றால் வெட்டும் முன் ஒருமுறை துவைத்துச் சுருங்கவிடுங்கள். கம்பளிக்கு நீராவி இஸ்திரி போதும்.

10. அட்டையில் வரைந்து வெட்டுங்கள்

பழைய உறையைப் பிரித்து அச்சாக வைக்காதீர்கள், அது நீண்டு கோணலாகியிருக்கும். அட்டைத்தாளைப் பட்டைகளின் மேல் வைத்துச் சட்டகத்தின் உள்விளிம்பை நேரடியாக வரையுங்கள். இந்த நாற்காலிகளின் இருக்கை பெரும்பாலும் முன்னால் அகன்றும் பின்னால் குறுகியும் இருக்கும். செவ்வகம் என்று நினைத்து வெட்டினால் பின்மூலைகள் முதுகுச் சட்டத்தில் முட்டும். வரைந்த அட்டையை நடுக்கோட்டில் மடித்து, இடமும் வலமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஃபோமை அட்டையின் அளவுக்கே வெட்டுங்கள். உறையின் முடிந்த அளவு நீளத்திலும் அகலத்திலும் அதைவிட 1 செ.மீ. குறைவாக இருக்கட்டும். உறை ஃபோமைச் சற்று அழுத்திப் பிடித்தால்தான் மேற்பரப்பு சுருக்கமின்றி நிற்கும். சரிசமமாகத் தைத்த உறை ஒரே மாதத்தில் தொளதொளக்கும்.

எல்லாத் துண்டுகளிலும் பாவு நூல் ஒரே திசையில், முன்னிருந்து பின்னாக ஓட வேண்டும். துணியை மிச்சம் பிடிக்க ஒரு துண்டைத் திருப்பி வெட்டினால் வெளிச்சத்தில் அது வேறு நிறமாகத் தெரியும். வெட்டியவுடன் ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்திலும் 'மேல், முன்' என்று சாக்கட்டியால் எழுதுங்கள். பைப்பிங்குக்கான துண்டுகளை மட்டும் 45 பாகைக் குறுக்காக வெட்டுங்கள், அப்போதுதான் அது மூலையில் சுருங்காமல் வளையும்.

11. தைக்கும் வரிசை

ஜிப்பில் தொடங்குங்கள். பின்பக்கத் துண்டு இரண்டையும் ஜிப்போடு தைத்து, அது இரு பின்மூலைகளையும் தாண்டி 8 செ.மீ. வரை பக்கவாட்டில் வருமாறு விடுங்கள். பின்பக்க அகலத்தோடு ஜிப் நின்றுவிட்டால் அந்த வாய் வழியாக ஃபோம் நுழையாது. பிறகு ஜிப் துண்டையும் மற்ற பக்கத்துணியையும் சேர்த்து ஒரு வளையமாக்குங்கள்.

மேல், கீழ்த் துண்டுகளின் ஓரத்தில் பைப்பிங்கைத் தனியாகத் தையுங்கள். தையல் நீளம் 3.5 முதல் 4 மி.மீ. மூலையை அடையும்போது பைப்பிங்கின் ஓரத்துணியில் மூன்று சிறு வெட்டுகள் கொடுத்து, கூர்மையாகத் திருப்பாமல் சற்று உருட்டித் திருப்புங்கள். கூரிய மூலை வெளியே திருப்பியதும் காதுபோல் துருத்தும்.

அடுத்து வளையத்தை மேல் துண்டோடு தையுங்கள். இப்போது நின்று ஒரு வேலை செய்யுங்கள். மேல் மூலை ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே, பக்கத்துணியின் மறு ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் குறி போட்டுச் சிறு வெட்டு கொடுங்கள். கீழ்த் துண்டின் மூலைகள் அந்தக் குறிகளில்தான் சேர வேண்டும். இதை விட்டால் இயந்திரம் ஒரு துணியை மற்றதைவிட வேகமாக நகர்த்தி, கடைசி மூலையில் ஒரு விரல் அளவு விலகியிருக்கும். மெத்தை முறுக்கிக்கொண்டு நிற்கும், எவ்வளவு தட்டினாலும் நேராகாது.

கீழ்த் துண்டைத் தைக்கும் முன் ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். மூடியே தைத்துவிட்டு, உறையை வெளியே திருப்ப வழியில்லாமல் விழிக்கும் புதியவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

12. நிரப்புதல்

ஃபோமைப் புத்தகம்போல் நடுவில் மடித்து, முன்பக்கம் முதலில் போகுமாறு உள்ளே தள்ளி, உள்ளே போனதும் விரியவிடுங்கள். பஞ்சு விரிப்பு வழியில் சிக்கினால், ஃபோமை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி நுழைத்துவிட்டுத் தாளை மட்டும் உருவிவிடலாம். கையை உள்ளே விட்டு, சுற்றிலும் தையல் ஓரங்களைப் பக்கத்துணியின் பக்கமாகப் படியவையுங்கள். எல்லா ஓரமும் ஒரே பக்கம் படிந்தால் பைப்பிங் ஒரே கோடாக நிற்கும். மூலைகள் வெறுமையாக இருந்தால் ஒரு பிடி பஞ்சு போதும்.

மெத்தையை வைக்கும் முன் பட்டைகளின் மேல் கெட்டியான பருத்தித் துணி ஒன்றை விரியுங்கள். ரப்பர் நேரடியாக உறையில் உராய்ந்தால் அடித்துணி அந்தக் கோடுகளிலேயே தேயும்.

13. முதுகு மெத்தையில் பட்டன்

இது விருப்பம். போடுவதானால் எல்லாப் பட்டன்களையும் நழுவும் முடிச்சில் தளர்வாகக் கோத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக ஒரே ஆழத்துக்கு இறுக்குங்கள். ஒன்றரை செ.மீ. ஆழம் போதும். முதல் பட்டனை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஃபோம் இழுபட்டு வரிசை கோணலாகும்.

14. முதல் சில வாரங்கள்

புது ஃபோம் தொடக்கத்தில் சற்று இளகும், அது குறையல்ல. ஒரே தர ஃபோம் வைத்த மெத்தை என்றால், உறையும் பட்டையும் தங்கள் இடத்தில் அமரும்வரை வாரம் ஒருமுறை அதைத் திருப்பிப் போடுங்கள். ஒரு மாதம் கழித்து நாற்காலியைக் கவிழ்த்து, ஒவ்வொரு கிளிப்பையும் விரலால் தள்ளிப் பாருங்கள். ஏதேனும் ஒன்று பள்ளத்திலிருந்து பாதி எழுந்திருந்தால் அந்தப் பட்டையைக் கழற்றிக் கிளிப்பை மீண்டும் வைஸில் இறுக்கி மாட்டுங்கள். அதே நேரத்தில் சட்டகத்தை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். முனகல் கேட்டால் நான்காம் படிக்குத் திரும்ப வேண்டும், மெத்தையை எடுத்துவிட்டுப் பட்டைகளைக் கழற்றியபின்.